இரண்டு எடைக்கு நடுவே

முதலில் கெடுத்தவன் லாசர். மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள். குத்துச்சண்டைப் போட்டியில் எடைமேடை பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர், சுற்று முடிந்தும் மணியடிக்கத் தாமதித்தவன், காதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை போ என்று அனுப்பிய டாக்டர், எந்தச் சண்டையில்தான் ஜெயித்தாய் என்று ஆயுள் முழுக்கக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் செத்துப்போன பெண்டாட்டி, எல்லோரையும் தேசிங்கு மனசுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். வரிசையின் தலையில் நின்றவன் லாசர். அந்த லாசரைத்தான் இப்போது இரண்டு கைகளிலும் ஏந்திக் கட்டிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை முழங்கால் மடிப்புக்குக் கீழே. போன ஞாயிற்றுக்கிழமையைவிட இன்றைக்கு இளைத்திருக்கிறான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைக்கு அது தெரியும். தெரிந்ததும் முதலில் ஒரு சுகம் வந்தது, நாக்கில் வெல்லம் வைத்ததுபோல. குறையட்டும், இன்னும் குறையட்டும், எடை குறைப்பது என்றால் என்னவென்று இப்போதாவது இவன் உடம்புக்குத் தெரியட்டும். அந்தச் சுகம் கரைவதற்குள் அடியிலிருந்து ஒரு பயம் வந்தது. இப்படியே வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு போனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிலில் கையை விடும்போது தூக்குவதற்கு ஒன்றும் இருக்காதே. அதற்குள் வாங்கியாக வேண்டும். லாசரின் வாயிலிருந்து, அவன் மகன் காதில் விழும்படி, ஒரே ஒரு பேச்சு: தேசிங்குக்கு அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான், தெரிந்தேதான் கொடுத்தேன். அவ்வளவு போதும். மாலை வேண்டாம், மேடை வேண்டாம்.

லாசருக்கு வாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கை, கால், பாதி வாய், எல்லாம். விழுந்த புதிதில் அவன் பெண்டாட்டி பிலோமினா தேசிங்கின் வீட்டு வாசலில் வந்து நின்று, அண்ணே, அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் இல்லை, உங்களை விட்டால் எனக்கு யார் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேசிங்கு யோசிக்கவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தான். தெருவே பார்த்தது. சிநேகிதம் என்றால் இதுதான் என்று டீக்கடையில் பேசினார்கள். பேசட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். வெளியே சொல்லக்கூடிய காரணமா அது? கடன் வாங்கியவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வது போலத்தான் அவன் வந்து உட்கார்ந்தான். லாசருக்கு ஒரு மகன் இருக்கிறான், ரெஜினால்டு, உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவன், தோளும் மார்பும் சுவரில் ஒட்டிய விளம்பரம் மாதிரி இருக்கும். அவனால் அப்பனைத் தூக்க முடியாது. இடுப்பில் சவ்வு விலகிவிட்டதாம், அகலமான பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ஊருக்கெல்லாம் எடை தூக்கக் கற்றுக்கொடுக்கிறவன், பெற்றவனைத் தூக்க எழுபது தாண்டியவனைக் கூப்பிடுகிறான். இந்த நினைப்பு ஒவ்வொரு வாரமும் தேசிங்குக்கு ஒரு சின்னத் தீனி. பிலோமினா குவளையில் வெந்நீர், சோப்பு, ரேசர், துண்டு எல்லாம் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்து, ரேசர் அலச அடியில் ஒரு பேசினில் தண்ணீரும் வைத்தாள். பூசைக்கு நேரமாகிறது என்றாள். லாசரின் தலையைத் தடவி, போயிட்டு வரட்டுமா என்று கேட்டாள். "சரி" என்றான் லாசர். அந்த ஒரு சொல்தான் மிச்சம். ஆயிரம் பேச்சுப் பேசிய வாயில் வாதம் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு அதை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தது. எதைக் கேட்டாலும் அதுதான். குளிருகிறதா, சரி. பசியா, சரி. பூசைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பி, அண்ணே, தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க, பொடி கலந்து கூழ் மாதிரிதான் குடுக்கணும், வெறுந்தண்ணி நுரையீரலுக்குள்ள போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார் என்றாள். எல்லா வாரமும் சொல்வாள். எல்லா வாரமும் தேசிங்கு தலையாட்டுவான். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிவியில் குத்துச்சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இரவு, இங்கே காலை என்று ரெஜினால்டு ஒருதரம் சொல்லியிருந்தான். பச்சைக் கால்சட்டை போட்ட மொட்டைத் தலைக்காரன் ஒருவன், கறுப்புப் போட்ட நெட்டையன் ஒருவன். இரண்டு பேரையும் பார்த்த மாத்திரத்தில் தேசிங்கின் கையிலிருந்த சோப்பு நுரை அப்படியே நின்றது. அந்தத் தோள். அந்தத் தொடை. குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. அது அவன் உடம்பு. இப்போது வேட்டிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் இதற்கு முன்னால் இருந்த உடம்பு. என்ன எடை என்று கேட்டான். ரெஜினால்டு போனைப் பார்த்தபடியே சொன்னான். "இது க்ரூசர் பெரிப்பா. எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவுல. மெயின் சண்டை ஹெவிவெயிட்டு, அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. இது சும்மா, ஜனம் வந்து உக்கார்ற வரைக்கும்." உண்மைதான், அரங்கத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. கேமரா அந்தக் காலி நாற்காலிகளைக் காட்டாமல் இருக்கப் படாத பாடு பட்டது. உள்ளே இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள், வெளியே ஜனம் சோளப்பொரி வாங்க நின்றிருக்கும். க்ரூசர். இந்தப் பெயரையும் ரெஜினால்டுதான் சில வருஷத்துக்கு முன்னால் சொன்னான், பேச்சோடு பேச்சாக, உங்க சைசுக்குன்னே ஒரு எடை இருக்குது பெரிப்பா, நீங்க சண்டைய விட்டு நாலஞ்சு வருஷத்துல வெளிநாட்டுல ஆரம்பிச்சுட்டாங்க என்று. அன்றைக்கு இரவு தேசிங்கு சாப்பிடவில்லை. செத்துப்போன பிள்ளைக்கு யாரோ தூரதேசத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டது போல இருந்தது.

லாசரின் இடக் கன்னத்தில் நுரையைத் தடவினான். ரெஜினால்டு யாருக்கோ சொல்வதுபோல் பேசிக்கொண்டே இருந்தான், க்ரூசரை யார் பெரிப்பா பாக்கறா, சின்ன எடைன்னா வேகம் இருக்கும், பெரிய எடைன்னா ஒரே குத்துல விழுவான், இது ரெண்டுங்கெட்டான், நல்லா ஆடறவன்கூட நாலு கறியத் தின்னு ஹெவிக்கு ஏறிடுவான், இங்க நிக்கறவன் ஏறத் துப்பில்லாதவன். தேசிங்கு வாய் திறந்திருந்தால் சோப்புக் கையோடு ஒன்று விட்டிருப்பான். ரெண்டுங்கெட்டானாம். அந்தப் பெரிய எடைக்காரர்களைப் பார், மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்துகொண்டு, கல்யாண வீட்டில் குடித்த சம்பந்திகள் மாதிரி. சின்ன எடையோ, கோழிக்குஞ்சு கொத்துவது போல, நூறு குத்து விழும், ஒருவனும் விழமாட்டான். விழவைக்கிற கனமும் வேண்டும், கடைசி மணிவரை நிற்கிற காலும் வேண்டும் என்றால் மனிதன் இந்த எடையில்தான் இருக்கவேண்டும். கடவுள் சண்டைக்கென்று ஒருவனைச் செய்தால் இந்த அளவில்தான் செய்வார். இதை ஏன் ஒருவனும் சொல்வதில்லை? சொல்லவேண்டும். சந்தி சந்தியாகப் படம் ஒட்டவேண்டும். நினைக்கும்போதே மனசு இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டது, எப்போதும் திரும்புகிற இடத்தில். வேண்டாம். பெயர் வாங்கவே கூடாது இந்த எடை. ஜனம் எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்துவிட்டால், தான் இழந்தது பெரிசு என்று ஆகிவிடும். ஒருவனும் பார்க்காத எடையாகவே கிடந்தால் இழந்தது ஒன்றுமில்லை. காலி நாற்காலிதான் நல்லது. இன்னும் காலியாகட்டும். அந்த மொட்டைத் தலைக்காரனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. படட்டும். எடை கொடுத்திருக்கிறார்கள் அவனுக்கு, பெல்ட் வைத்திருக்கிறார்கள், வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து நிற்கிறான், அவனைப் பார்த்து எதற்கு இரக்கப்பட வேண்டும்?

ரேசரை எடுத்தான். லாசரின் தோல் தொளதொளவென்று ரேசரோடு கூடவே வந்தது. கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வழித்தான். இழுத்துப் பிடிப்பதில் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுப்பான். இடப்பக்கம் உணர்ச்சி இருக்கிறது, வலிக்கும். அவனும் லாசரும் சண்டை போட்ட காலத்தில் இந்த எடை இல்லை. எண்பத்தொரு கிலோவுக்குக் கீழே ஒரு பிரிவு, எண்பத்தொன்றுக்கு மேலே ஒரு பிரிவு, மேலே என்றால் வானம்வரை, நூறும் வரலாம் நூற்றிருபதும் வரலாம். தேசிங்கு எண்பத்தைந்துக்குப் பிறந்தவன். அம்மா வயிற்றிலேயே அப்படித்தான் இருந்திருப்பான் என்று கிளப்பில் சிரிப்பார்கள். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் எண்பத்தொன்றுக்கு இறங்கக் காயவேண்டும். காய்வது என்றால் ராயபுரத்தில் ஒரு முறை இருந்தது. ரொட்டிக்கடை அடுப்புக்கு முன்னால் ரப்பர் ஷீட்டைச் சுற்றி, அதற்குமேல் கோணிப்பையைச் சுற்றி, கயிறு தாண்டுவது. பிறகு வாயில் புளியை அடக்கிக்கொண்டு ஊறுகிற எச்சிலையெல்லாம் டின்னில் துப்பிக்கொண்டே இருப்பது. தண்ணீர் கிடையாது. காய்கிறவனுக்கு ஒரு காவல் உண்டு, கூடக் குத்திப் பழகுகிற ஆளே காவல் இருக்கவேண்டும். காவல்காரன் பானையை ஒளித்து வைப்பான், குழாய்ப் பக்கம் போகவிடமாட்டான். காய்கிறவன் தண்ணீர் கேட்டால் ஓங்கி ஓர் அறை விடவேண்டும். அதுதான் விதி. காலில் விழுந்து கேட்டாலும் அறை, அம்மா மேல் சத்தியம் செய்து கேட்டாலும் அறை. அறை வாங்கியவன் மறுநாள் எடைமேடையிலிருந்து இறங்கி வந்து அடித்தவனைக் கட்டிக்கொள்வான். அந்த முறை தேசிங்குக்குக் காவல் லாசர். லாசர் சும்மாவே எண்பது. காயவேண்டிய அவசியம் இல்லாத உடம்பு. ஒரு கம்பெனியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, எண்பத்தொன்றில் ஜெயிக்கிறவனுக்கு என்று பேச்சு. தேசிங்கும் இறங்கிவிட்டால் கடைசிச் சண்டை இவர்கள் இரண்டு பேருக்கும்தான். பழகுகிற சண்டையில் ஒருநாளும் லாசர் தேசிங்கை வீழ்த்தியதில்லை, ஒருநாளும். இது எல்லோருக்கும் தெரியும். இதைத் தெரிந்துகொண்டும் அவனையே காவலுக்கு வைத்துக்கொண்டான் தேசிங்கு, ஏனென்றால் வேறு யார்மேலும் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

எடை பார்க்கிற அன்றைக்கு, விடிகிற நேரம். மாவு மூட்டைமேல் கிடந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை, கண்ணிமை உலர்ந்து திறக்கும்போது கீச்சென்றது. உள்ளே ரொட்டி வேகிற வாசனை, அந்த வாசனை இன்றைக்கும் அவனுக்கு ஆகாது, பேரன் பன் தின்றால் எழுந்து வெளியே போய்விடுவான். தண்ணீர் கேட்டானா? கேட்கவில்லை. நாக்கே அசையாதபோது எப்படிக் கேட்டிருக்க முடியும். கண்ணால் கேட்டிருக்கலாம். கண்ணால் கேட்டால் அது கேட்டதாகுமா? இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் கால் இடறும், தேசிங்கு அதைத் தாண்டிக் குதித்துவிடுவான். லாசர் பக்கத்தில் வந்து குந்தினான். மாவு பிசைய வைத்திருந்த தண்ணீரில் தன் துண்டை நனைத்திருந்தான். குடிடா, யாருக்கும் தெரியாது என்றான். பிழிந்தான். வியர்வையும் மாவும் கலந்த தண்ணீர், வாயில் விழுந்தபோது... அதைச் சொல்லத் தேசிங்கிடம் வார்த்தை இல்லை. அதற்குப்பின் எத்தனையோ குடித்தான், இளநீர், மோர், பட்டைச்சாராயம், முதலிரவில் கொடுத்த பால், ஒன்றும் அதன் கிட்டே வரவில்லை. அதுதான் பெரிய கொடுமை. தன்னைக் கெடுத்த தண்ணீரை உடம்பு இன்னும் ஆசையோடு நினைத்துக்கொண்டிருக்கிறது, எழுபது தாண்டியும், தாகமெடுக்கும்போதெல்லாம், வெட்கமில்லாமல். லாசர் மறுபடி நனைத்தான், மறுபடி பிழிந்தான். அறைய வேண்டியவன். யாருக்கும் தெரியாது என்றானே, தராசுக்குத் தெரியாதா? காவல் இருந்து பழகியவனுக்கு அது தெரியாதா? இரக்கம் என்று சொல்லுவான், கேட்டால். சொன்னதில்லை, கேட்டதும் இல்லை, ஆனால் கேட்டால் அதைத்தான் சொல்லுவான், அந்த ஈரமான கண்ணை வைத்துக்கொண்டு. இரக்கப்படுகிறவனுக்குக் காவலில் என்ன வேலை.

காலையில் எடைமேடையில் ஏறினான். உள்ளாடையையும் கழற்றிப் போட்டுவிட்டு நின்றான், மூச்சை வெளியே விட்டுக்கொண்டு, மூச்சுக்குக்கூட எடை இருக்குமோ என்று. முள் தாண்டிவிட்டது. அரைக்கிலோகூட இல்லை, ஒரு குவளை. ஒரே ஒரு மணி நேரம் கொடுங்கள், ஓடிவிட்டு வருகிறேன் என்று கண்ணாடிக்காரரிடம் கைகூப்பினான். அம்மணமாக நின்று கைகூப்பினான். நேரம் முடிந்தது என்றார். மேலே போ, பெரிய எடையில் எழுதிக்கொள்கிறேன் என்றார். பெரிய எடையில் ஒரே ஆள்தான் இருந்தான், தனபால், ஆம்பூர்ப் பக்கம், கதவு அளவுக்கு இருந்தான். காய்ந்துபோன உடம்போடு, வயிற்றில் வெறும் இரண்டு இட்லியோடு, சாயந்திரம் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றான் தேசிங்கு. முதல் சுற்றில் குத்தினான், குத்தியது அவனுக்கு நினைவிருக்கிறது, சுவரில் குத்தியது போல கைதான் வலித்தது. இரண்டாவது சுற்றில் இடக் காதில் ஒன்று விழுந்தது. அதற்குப்பின் அந்தக் காதில் உலகம் இல்லை. மூக்கெலும்பு போனது எப்போது என்று தெரியாது. விழுந்தான், எழுந்தான், ஏன் எழுந்தான்? படுத்தே இருந்திருக்கலாம். எழுந்ததற்குத்தான் ஜனம் கை தட்டியது. லாசர் கயிற்றுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தான். அழுதான், உண்மை. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவனும் அவன்தான். அதையும் தேசிங்கு கணக்கில் எடுத்துப் பார்த்திருக்கிறான், பல தடவை, ராத்திரி பகலாக. அழுதால்? தூக்கினால்? மறுநாள் எண்பத்தொன்றில் ஜெயித்தது யார்? வேலை யாருக்குக் கிடைத்தது? முப்பது வருஷம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவன் யார், முதுகில் சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு கப்பல் பலகையில் நடந்தவன் யார்? இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதோ சுவரில், கோப்பையோடு நிற்கிற லாசரின் படத்துக்குக் கீழே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் லாசர் ஒரு கதை சொல்லி வைத்திருந்தான். தேசிங்குக்கு எண்பத்தொன்று பத்தாது, அவன் ஆசைப்பட்டுப் பெரிய எடைக்குப் போய் ராட்சசனோடு மோதினான், அவ்வளவு தைரியசாலி என்று. பெருமையாகத்தான் சொல்வான். தைரியசாலி. ஒரு மனுஷனைத் தள்ளிவிட்டுவிட்டு, தானாகக் குதித்தான் என்று சொல்லி மாலையும் போட்டுவிட்டால் அவன் எங்கே போய் அழுவான்?

ரெஜினால்டின் போன் அடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனான். அறையில் இரண்டு பேரும் டிவியும் மட்டும். டிவியில் நெட்டையன் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தான், மொட்டைத் தலைக்காரன் விலாவில் விலாவில் என்று இறக்கிக்கொண்டிருந்தான், தேசிங்கின் தோள் தன்னை அறியாமல் கூடவே அசைந்தது. இப்போது ரேசர் தொண்டைக்கு வந்திருந்தது. லாசரின் குரல்வளை மேலேறி இறங்கியது. ஒரு இழுப்பு. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், கிழவன் கை நடுங்கிவிட்டது என்பார்கள். கை நடுங்கவில்லை. அது வேண்டியதும் இல்லை, செத்தவனிடம் என்ன வாங்க முடியும்? தாடைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வழக்கம்போல வழிக்காமல் விட்டான். வாரம் முழுக்க அந்த இடம் அரிக்கும், இவனால் சொறிந்துகொள்ள முடியாது, சொல்லவும் முடியாது. நிமிர்ந்தபோது லாசரின் கண் தன்மேல் இல்லை என்பதைப் பார்த்தான். குவளைமேல் இருந்தது. வெந்நீர் ஆறி, சோப்பு படாத சுத்தமான தண்ணீர், விளிம்புவரை. லாசரின் நாக்கு கோணிய உதட்டின் நல்ல பக்கத்தில் வந்து தடவிவிட்டு உள்ளே போனது. உலர்ந்த நாக்கு, வெடித்த நாக்கு. ஒன்றரை வருஷமாகக் கூழைத் தவிர ஒன்றும் பார்க்காத நாக்கு. தேசிங்குக்குத் தன் வாய் உலர்ந்தது. துண்டை எடுத்தான். குவளையில் முக்கினான். லாசரின் கண் துண்டோடு போனது, துண்டோடு வந்தது. எடுத்து, அந்த முகத்துக்கு நேராகப் பிடித்து, கீழே சொட்டச் சொட்டக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். கேளு என்றது மனசு. கேளேன், கண்ணால் கேட்கிறாயே, அது கேட்டதாகுமா? பிறகு அடியில் இருந்த பேசினில் பிழிந்தான். மெதுவாக. கடைசிச் சொட்டு விழுகிறவரைக்கும் முறுக்கினான், முழங்கை நரம்பு புடைக்க. துண்டின் உலர்ந்த முனையால் லாசரின் உதட்டைத் துடைத்துவிட்டான். காவல் என்றால் இதுதாண்டா என்று சொல்லத் தோன்றியது. லாசரின் இடக்கண்ணிலிருந்து நீர் இறங்கியது, வாதக்காரர்களுக்கு அப்படித்தான், காரணமே இல்லாமல் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நல்ல காதை லாசரின் வாயருகே கொண்டுபோனான். "தெரிஞ்சுதானடா குடுத்த?" என்றான். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை, கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது, எடைமேடையில் அடித்தது போல. லாசர் பார்த்தான். கண்ணில் ஏதோ இருந்தது, புரிந்த மாதிரி இருந்தது. "சரி" என்றான். தேசிங்கின் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. கிடைத்துவிட்டது. இவ்வளவுதானா, இத்தனை லேசாக, கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பானோ. சூடு முழங்கால்வரை இறங்குவதற்குள் சந்தேகம் ஏறிக்கொண்டது. கேட்கக்கூடாது, இதோடு எழுந்துவிட வேண்டும் என்று தெரிந்தும் கேட்டான். இரக்கப்பட்டுக் குடுத்தியா? "சரி." நான்தான் கேட்டேனா? "சரி." அதே குரல், அதே ஏற்றம், அதே ஈரக் கண். தேசிங்கு நிமிர்ந்தான். டிவியில் மணி அடித்தது. மொட்டைத் தலைக்காரன் ஜெயித்துவிட்டான், நெட்டையன் தரையில் உட்கார்ந்திருந்தான், நடுவர் மொட்டைத் தலைக்காரனின் கையைத் தூக்கினார். புருவத்தில் ரத்தம் வழிய அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவனை எடுத்துவிட்டு விளம்பரம் போட்டுவிட்டார்கள், காருக்கு.

ரெஜினால்டு உள்ளே வந்து, முடிஞ்சுதா அந்த எழவு, என்றபடி உட்கார்ந்தான். அந்தப் பேச்சுதான் தேசிங்கைத் தள்ளியது. ஜெயிச்சவன் பேசறதக்கூடக் காட்டலியே என்றான். யார் கேக்கப்போறா பெரிப்பா, என்றான் ரெஜினால்டு. தேசிங்கு ரேசரைக் குவளையில் போட்டான். தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வாய் திறந்துகொண்டது. தான் ஆசைப்பட்டு மேலே போகவில்லை என்றான். எண்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தேன், இறங்கிவிட்டேன், விடியக்காலை வரை எடையில்தான் இருந்தேன் என்றான். ரெஜினால்டு போனை மடியில் வைத்துவிட்டு முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்கப்பன் எனக்குத் தண்ணி குடுத்துட்டான்டா."

ரெஜினால்டு மேற்கொண்டு ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தான். "அவ்ளோதானா?" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், இடுப்பு வலிக்க வலிக்க, பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கெட்டவன் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தான். விஷம் குடுத்தாருன்னு சொல்லுவீங்கன்னு பாத்தா, தண்ணி குடுத்தாருங்கிறீங்களே பெரிப்பா, என்றான். பூசை முடிந்து முக்காட்டை எடுத்துக்கொண்டே உள்ளே வந்த பிலோமினா என்ன சிரிப்பு என்று கேட்டாள். ரெஜினால்டு சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவள் முகம் இளகியது, அது இன்னும் மோசம். "பாவம், தாகமா இருந்திருப்பீங்க. அவருக்கு எப்பவுமே எளகின மனசுண்ணே" என்றாள். லாசரின் தலையைத் தடவினாள். தேசிங்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காவலைப் பற்றிச் சொல்லலாம், அறையைப் பற்றிச் சொல்லலாம், புளியையும் டின்னையும் பற்றிச் சொல்லலாம். அடுப்புக்கு முன்னால் நின்றிராதவர்களிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? இந்தத் தப்பைத் தப்பென்று அறிந்தவர்கள் செத்துப்போனார்கள், கண்ணாடிக்காரர் செத்துவிட்டார், தனபால் செத்துவிட்டானாம், கிளப் இருந்த இடத்தில் மாவரைக்கும் கடை. உலகத்தில் அது தப்பென்று தெரிந்த இன்னொருவன் இந்த நாற்காலியில் வாய் கோணி உட்கார்ந்திருக்கிறான். "அவனையே கேளு, தெரிஞ்சுதான் குடுத்தான்" என்றான், குரல் அவனுக்கே பிச்சைக்காரன் குரல் மாதிரிக் கேட்டது. ரெஜினால்டு சரிதான் என்று அப்பன் பக்கம் திரும்பினான். டாடி, பெரிப்பாவுக்குத் தண்ணி குடுத்துக் கெடுத்தியா? "சரி." ஒத்துக்கிட்டாரு பெரிப்பா, சந்தோஷமா? என்றான். உடனேயே, சிரிப்பு அடங்காமல், டாடி உன்னக் கொண்டுபோய்க் காசிமேட்டுல போட்டுல ஏத்தி விட்டுறலாமா என்றான். "சரி." சும்மா இருடா என்று பிலோமினா அவன் தோளில் தட்டினாள், தட்டும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லாசரும் சிரித்தான், நல்ல பக்கத்தால் மட்டும். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று சிரித்தானா, வேறு எதற்கா, அந்தப் பாதிச் சிரிப்பைப் படிக்கத் தேசிங்குக்குத் தெரியவில்லை, அவன் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனும் இல்லை.

டிவியில் பெரிய எடைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். புகையும் வெளிச்சமும் பாட்டுமாக ஒருவன் நடந்து வந்தான், வயிறு முன்னால் வந்தது. நாற்காலியெல்லாம் நிறைந்துவிட்டது. ரெஜினால்டு சத்தத்தைக் கூட்டினான். தேசிங்குக்கு அந்தச் சத்தம் வலக் காதில் மட்டும் விழுந்தது. மொட்டைத் தலைக்காரன் இந்நேரம் எங்கோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து கையில் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டிருப்பான், என்ன சொல்ல வாயைத் திறந்தானோ அதை யாரிடமும் சொல்லாமல். பிலோமினா கூழைக் கொண்டுவந்தாள். கொடு, நான் கொடுக்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். லாசரின் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி, மோவாயைக் கொஞ்சம் கீழே அழுத்தி, டாக்டர் சொன்னபடி, அரைக் கரண்டி அரைக் கரண்டியாக. ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். இறங்கியபிறகுதான் அடுத்தது. இருமல் வந்தபோது கிண்ணத்தை வைத்துவிட்டு முதுகில் தட்டினான், லாசரின் மூச்சு நேராகிறவரைக்கும் தேசிங்குக்கு மூச்சு வரவில்லை. பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று பிலோமினா சமையல்கட்டிலிருந்து சொன்னாள். இவன் பிழைத்துக் கிடக்கவேண்டும். பேச்சு திரும்பி வரும் என்று ஒரு பிசியோ பையன் சொல்லியிருக்கிறான், சிலபேருக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துக்கூட வருமாம். சொல் ஒவ்வொன்றாக வருமாம். வரட்டும். இந்தச் சரி செல்லாது. போட்டில் ஏற்றி விடுவதற்கும் அதே சரி, இதற்கும் அதே சரி என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. கடைசிக் கரண்டியை வழித்துக் கொடுத்தான். வாயைத் துடைத்தான். மறுபடி இரண்டு கைகளிலும் ஏந்திக் கட்டிலில் கிடத்தி, புண் வராமல் ஒருக்களித்து வைத்து, இடுப்புக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்தான். டிவியில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஜனம் கத்திக்கொண்டிருந்தது. தேசிங்கு போர்வையை இழுத்துவிடுகிறவன் போலக் குனிந்தான்.

"செத்துகித்துத் தொலைக்காதடா. எனக்கு வரவேண்டியது இன்னும் வரல" என்றான், லாசருக்கு மட்டும் கேட்கும்படி.

"சரி" என்றான் லாசர்.